மில் மூடிய அன்று செவிடானவள்

என் அம்மா சுப்பாத்தாளுக்குக் காது கேட்காது என்பது மில் மூடும்வரை எங்கள் வீட்டில் ஒரு செய்தியாகவே இல்லை. அவள் நூல் மில்லில் ரிங் பிரேம் என்கிற நூற்கும் மெஷினைப் பார்த்தவள். அங்கே ஒரு வரிசை ஓடினாலே பக்கத்தில் நிற்கிறவர் கத்துவது கேட்காது. எல்லா வரிசையும் சேர்ந்து ஓடினால் வெளியே இடி விழுந்ததைக்கூட மின்னலைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தச் சத்தத்துக்குள் பாவாடை தாவணியோடு நுழைந்தவள், தலையில் நரை விழுந்தபின் வெளியே வந்தாள். காதை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள். வாயை மட்டும் மறக்காமல் எடுத்து வந்துவிட்டாள்.

மில்காரிகள் எல்லோருக்கும் அப்படித்தான். "உப்பு எடு" என்று அம்மா சொன்னால் தெருமுனையில் இருக்கிற கடைக்காரர் உப்புப் பாக்கெட்டைக் கையில் எடுத்துவிடுவார். எங்கள் வீட்டில் சண்டை என்று நினைத்து சமாதானம் பேச வந்த புதுக் குடித்தனக்காரர்கள் நிறையப் பேர். உள்ளே வந்து பார்த்தால் அம்மா அப்பாவிடம் இன்றைக்கு நல்ல வெயில் என்று சொல்லிக்கொண்டிருப்பாள்.

மற்றவர்கள் பேசுவதை அவள் கண்ணால் பிடிப்பாள். உதடு அசைந்தால் போதும். ரிங் பிரேம் வரிசைகளுக்கு நடுவே எல்லாப் பெண்களும் பேசிக்கொண்டது உதட்டாலும் கையாலும்தான். மேஸ்திரி வருகிறார் என்றால் மேலுதட்டில் விரலை ஓட்டுவார்கள். டீ வந்துவிட்டது என்றால் காது மடலைத் தொடுவார்கள். அந்தக் கோடியில் நிற்கிற ஒருத்தி மாமியாரைத் திட்டுவதை இந்தக் கோடியில் நிற்கிறவள் சத்தமில்லாமல் கேட்டு, சத்தமில்லாமல் "அப்பிடித்தான் போடு" என்பாள். இதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருந்தால் நான் பிளஸ் ஒன்னோடு நின்றிருக்க மாட்டேன்.

எனக்கு இந்த வித்தை பால்குடி நாளிலேயே வந்துவிட்டது. கடைக்கு அம்மாவோடு போனால் குரலை விடாமல் வாயை மட்டும் அசைப்பேன். "அம்மா, மிட்டாய் வேணும்" என்பேன். அவள், "அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம்!" என்று கத்துவாள். கடைக்காரர் என் வாயைப் பார்ப்பார், அம்மாவைப் பார்ப்பார், பிறகு சுண்டுவிரலைத் தன் காதில் விட்டு ஆட்டிப் பார்ப்பார். அவருக்குக் காதில் கோளாறு என்று டாக்டரிடம் போய்ச் சொட்டுமருந்து வாங்கியதாகக் கேள்வி. அதற்கு நான் பொறுப்பல்ல.

அம்மாவுக்குச் சொந்த ஊர் கொல்லங்கோட்டுப் பக்கம். மழை தவறிய வருஷம், வயலை நம்பியிருந்தால் ஆகாது என்று அவளைச் சித்தி ஒருத்தியோடு மில்லுக்கு அனுப்பினார்கள். மில் இருந்தது கேரளத்துக்குள், தமிழ் பேசுகிற எங்கள் நல்லேப்பிள்ளி ரோட்டில். அப்பா கந்தப்பன் அந்த மில்லுக்குப் பின்னால் குத்தகைக்கு நெல் போட்டுக்கொண்டிருந்தார். ஷிப்ட் விட்டு வருகிற கூட்டத்தில் அம்மாவைப் பார்த்துப் பெண் கேட்டிருக்கிறார். அப்போது அவருக்குப் பெரிய மீசை. கல்யாணமாகிச் சில வருஷத்தில் அம்மாவுக்குக் காது மந்தமாக ஆரம்பித்ததும் அவள் போட்ட முதல் உத்தரவு, "அந்த மசுர வெட்டிப் போட்டுட்டு வந்து பேசுங்க. ஒதடே தெரிய மாட்டீங்குது." அப்பா மறுபேச்சில்லாமல் வழித்துவிட்டு வந்தார். மீசை வைத்த கொழுந்தனார்கள் யாரும் இன்றுவரை எங்கள் வீட்டில் அதிகம் பேசுவதில்லை. பேசி என்ன பிரயோஜனம்?

இப்படி ஓடிக்கொண்டிருந்த மில் ஒரு நாள் நின்றது. கரண்டுக்காரர்கள் வந்து ஃப்யூஸைப் பிடுங்கினார்கள். முதலாளி கேட்டில் ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டு எங்கேயோ போய்விட்டார். மறுநாள் கேட்டுக்கு முன்னால் ஒரு சமரப் பந்தல், அதாவது போராட்டப் பந்தல், முளைத்தது. மூன்று யூனியன், மூன்று கொடி, ஒரே தார்ப்பாய். எங்கள் பக்கத்துத் தலைவர் தனபால் மாமா. அவரும் மில்லில் ஃபிட்டராக இருந்தவர்தான், ஒரு காது மட்டும் பாதி வேலை செய்யும். அதனால் பந்தலில் எப்போதும் அந்தக் காதை ரோட்டுப் பக்கம் வைத்து உட்காருவார்.

அரசாங்கம் சும்மா இருந்தது என்று சொல்ல மாட்டேன். அது நிறையச் செய்தது. மந்திரி வந்து பந்தலில் உட்கார்ந்து இளநீர் குடித்தார். பிறகு பாலக்காட்டில் கூட்டம் போட்டார்கள், முதலாளி வரவில்லை. திருவனந்தபுரத்தில் கூட்டம் போட்டார்கள், அதற்கும் வரவில்லை. பை நிறைய அரிசி, பயறு, எண்ணெய் எல்லாம் வைத்து எல்லோருக்கும் கிட் கொடுத்தார்கள். மில்லை அரசாங்கமே ஏற்று நடத்தலாமா என்று பார்க்க ஒரு குழு வந்தது. மெஷின்களைத் தட்டிப் பார்த்தார்கள், துரு என்றார்கள், மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் அந்தக் குழுவை யாரும் பார்க்கவில்லை. கடைசியாக ஒரு நல்ல செய்தி வந்தது. கஞ்சிக்கோட்டில் சட்டை தைக்கிற கம்பெனி ஒன்று ஆரம்பிக்கிறார்கள், மூடின மில்லின் பெண்களுக்கு அங்கே முதலிடம், பயிற்சியும் அரசாங்கமே கொடுக்கும் என்று.

அது வருகிறவரை சும்மா உட்கார அம்மாவுக்குத் தெரியாது. கொழிஞ்சாம்பாறை ரோட்டில் ஒரு தேங்காய்க் களத்தில் கொப்பரை தரம் பிரிக்கப் போனாள். நன்றாகத்தான் செய்தாள். ஒரு நாள் லோடு ஏற்ற வந்த லாரி பின்னால் வந்தது. டிரைவர் ஹாரன் அடித்தார், கிளீனர் கத்தினார், களத்தில் இருந்த எல்லோரும் கத்தினார்கள். அம்மா அந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து கொப்பரையைப் பிரித்துக்கொண்டே இருந்தாள். கடைசி நொடியில் ஒரு சுமைக்காரர் அவளை முடியைப் பிடித்து இழுத்தார். அம்மா எழுந்து, முடியைப் பிடித்ததற்காக அவரை ஓர் அறை விட்ட பிறகுதான் லாரியைப் பார்த்தாள்.

களத்துக்காரர் மரியாதையான மனிதர். "அம்மிணி, நாளையிலிருந்து வர வேண்டாமுங்க," என்றார். "உங்க மேல ஒண்ணும் கோவமில்லீங்க. ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா நான் கோர்ட்டுக்கு நடக்கோணும்."

அடுத்து ஒரு ஹோட்டல் சமையலறை. முன்னால் இருந்து, "ரெண்டு ஊத்தப்பம்!" என்று கத்தினால் பின்னால் இவளுக்குத் தெரியாது. இரண்டு நாளில் அனுப்பிவிட்டார்கள். அதற்கடுத்துத் தொழிலுறப்பு என்கிற நூறு நாள் வேலை. வாய்க்கால் வெட்டும்போது, "பாம்பு, பாம்பு!" என்று எல்லோரும் ஓடியிருக்கிறார்கள். அம்மா மட்டும் இவ்வளவு பேர் வேலையை விட்டுவிட்டு எங்கே ஓடுகிறார்கள், வேலைக் கள்ளிகள் என்று திட்டிக்கொண்டே வெட்டியிருக்கிறாள். பாம்பு அவளுக்குப் பயந்து போய்விட்டது. ஆனால் வேலையை மேற்பார்க்கிற மேட் பெண் பயந்து அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

அன்றைக்கு அம்மா சாப்பிடவில்லை. மில்லில் இருந்தவரை அவள் கெட்டிக்காரி. அவளைப் போல அறுந்த இழையைச் சேர்க்க ஆளில்லை என்று பெயர். அங்கே காதுக்கு வேலையே இல்லை. வெளியே வந்தால் முதலில் காதைத்தான் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் அவள் செவிடானது மில் மூடிய அன்றுதான்.

காது மெஷின் ஒன்று வாங்கலாம் என்று பாலக்காட்டுக் கடையில் விசாரித்தோம். விலையைச் சொன்னதும் அப்பா குடிக்கத் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு நன்றி சொல்லி வந்துவிட்டோம்.

அந்தச் சமயத்தில்தான் பஞ்சாயத்து ஹாலில் அரசாங்கம் கேம்ப் வைத்தது. ஒரு பக்கத்து மேசையில் தையல் கம்பெனிக்குப் பெயர் கொடுப்பது, இன்னொரு பக்கத்து மேசையில் காது டெஸ்ட். இரண்டும் ஒரே ஹாலில், ஒரே நாளில். லேபர் ஆபீஸிலிருந்து வந்த நிமி மேடம் தொடக்கத்திலேயே மைக்கில் எல்லாவற்றையும் விளக்கியிருக்கிறார். ஆனால் மலையாளத்தில். அதுவும் மைக்கை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு. அந்த ஹாலில் இருந்த ஒருத்திக்குக்கூட அவர் உதடு தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் மலையாள உதடு எங்கள் மில்காரிகளுக்குப் படிக்க வராது. தனபால் மாமாவின் நல்ல காது அன்று ஜன்னல் பக்கம் இருந்தது. நான் அம்மா மறந்துவிட்டுப் போன ஆதாரை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது விளக்கம் முடிந்து பிஸ்கட் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

யாரும் விளக்காவிட்டால் என்ன, அவர்களுக்கா தெரியாது? மில்லில் வருஷா வருஷம் டாக்டர் வருவார். இருமுகிறவள், மூச்சு வாங்குகிறவள், கண் மங்கினவள் எல்லோரும் மறுவாரமே நிரந்தரத்திலிருந்து பதிலி வேலைக்குத் தள்ளப்படுவார்கள். ஆள் வராத நாளுக்கு மட்டும் வேலை. அதனால் டாக்டர் வருகிற அன்று கருப்பட்டியும் சுடுதண்ணியுமாகக் குடித்து இருமலை அடக்கி வைப்பார்கள். புதிதாகச் சேர்கிற பெண்ணுக்கு நூல் சேர்க்கச் சொல்லிக்கொடுக்கும் முன் இதைத்தான் சொல்லிக்கொடுப்பார்கள். டெஸ்ட் என்று ஒன்று வந்தால் தேறியாக வேண்டும். தேறினால்தான் வேலை.

டெஸ்ட் எடுக்க வந்தவர் ஜோபி என்கிற பையன். போடிமெட்டுப் பக்கம் ஏலத் தோட்டத்துக்காரர், எங்களைவிட வேறு மாதிரித் தமிழ் பேசுவார். அந்த ஹாலில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட்தான். அதனால் மெஷினை அங்கே வைத்து, டெஸ்டுக்கு வருகிறவரை எதிரில் நேருக்கு நேராக உட்கார வைத்துவிட்டார். தலையில் ஹெட்போன் மாட்டுவார். சத்தம் கேட்டால் விரலைத் தூக்க வேண்டும்.

முதலில் போனது நர்மதா அக்கா, அம்மாவின் பக்கத்து வரிசைக்காரி, இருபது வருஷச் சிநேகிதி. அம்மாவைவிடச் செவிடு. உட்கார்ந்து ஒரு நிமிஷம் ஜோபியையே பார்த்தாள். பிறகு அவள் விரல் டக் டக்கென்று எழுந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் நாற்காலியை விட்டு எழும் முன் ஹாலின் இந்தக் கோடியில் நின்ற அம்மாவைப் பார்த்து உதட்டை அசைத்தாள்.

"அவன் கையப் பாரு. பொத்தான அமுக்கறப்ப தோள்பட்ட ஆடுது."

அம்மா அதைப் பக்கத்தில் இருந்தவளுக்குச் சொன்னாள், அவள் அடுத்தவளுக்கு. ஒரு சத்தமில்லை. ஹால் முழுக்கச் செய்தி போய்விட்டது. பிறகு ஒவ்வொருத்தியாகப் போனார்கள். எல்லோருடைய விரலும் எழுந்தது. மில்லில் நூல் கதிர் சுற்றுகிற வேகத்தில் அறுந்த இழையைப் பார்த்துப் பிடிக்கிற கண்களுக்கு ஜோபியின் தோள்பட்டை ஒரு மலை.

அம்மாவின் முறை முடிந்ததும் ஜோபி ஹெட்போனைக் கழற்றிவிட்டு அவளை ஆச்சரியமாகப் பார்த்தார். "யக்கா, ஒங்க காதுல எறும்பு ஊர்ந்தாக்கூட கேக்கும் போலயே! இத்தன வருசம் மில்லுல இருந்துட்டு எப்பிடிக்கா?"

"எல்லாம் நல்லெண்ணெய்ங்க தம்பி!" என்று அம்மா கத்தினாள்.

ஜோபி தன் காதைப் பொத்திக்கொண்டார். காது நன்றாகக் கேட்கிறவள் எதற்கு இப்படிக் கத்துகிறாள் என்று அவர் யோசித்திருக்க வேண்டும். நானும் கொஞ்சம் யோசித்திருக்கலாம். ஆனால் எனக்குச் சிரிப்பை அடக்குவதே பெரிய வேலையாக இருந்தது.

வீடு வரும்வரை அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "தமிழு, ஒண்ணுகூட உடல தெரியுமா? நர்மதா ஒண்ணு உட்டுட்டா. நான் உடல." பக்கத்து வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் அதே செய்தி போனது. அவள் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, என்னிடம் சொன்னதே போதும்.

சில வாரம் கழித்து நிமி மேடம் பந்தலுக்கு வந்தார். இந்த முறை மைக் இல்லை. நான் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று அவர் சொல்லச் சொல்ல உதட்டால் தமிழில் திருப்பினேன்.

"சேச்சிமாரே, டெஸ்ட் ரிசல்ட் வந்நு. எல்லாருக்கும் செவி நார்மல். வளர சந்தோஷம்." அவருக்கு உண்மையிலேயே சந்தோஷமாகத்தான் இருந்தது. "அதுகொண்டு, மில்லு சத்தத்துல செவி போனவங்களுக்குன்னு சர்க்கார் கொடுக்கற மெஷினும் ஆனுகூல்யப் பணமும் இங்க யாருக்கும் வேண்டி வரல. கம்பெனியில காது கேக்காதவங்களுக்குன்னு தனியா உட்கார்ந்து செய்யற டேபிள் வேலை வெச்சிருந்தாங்க. அதுவும் வேண்டாம். எல்லாரும் நேரா ஃப்ளோருக்குப் போகலாம்."

நான் கடைசி வரியைச் சொல்லி முடித்தும் அம்மா என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், இன்னும் ஏதோ பாக்கி இருப்பதைப் போல. மூன்று கொடிகளும் ஒன்றாக அமைதியாக இருந்தது அன்றைக்குத்தான்.

நர்மதா அக்கா சத்தமில்லாமல் சொன்னாள்: "கெட்டிக்காரிகளாட்டத் தேறிப் போட்டமடி."

மெஷின்கள் ஓடுகிற அந்த ஃப்ளோர் எப்படி என்று எங்களுக்கு முன்பே தெரியும். இடையில் தாங்களாகவே கம்பெனிக்குப் போய் வேலை கேட்ட எங்கள் மில் பெண்கள் இரண்டு பேரை அன்றே திருப்பி அனுப்பிவிட்டார்கள். துணி ஏற்றுகிற வண்டி உள்ளேயே ஓடுமாம். பின்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார்களாம், திரும்பாதவள் வெளியே. தேங்காய்க் களத்தில் நடந்ததுதான் அங்கேயும் நடக்கும். மெஷினும் கிடைக்காது, டேபிளும் கிடைக்காது. காது நன்றாக இருக்கிறது என்று அரசாங்கமே சொல்லிவிட்ட பிறகு வேறு யாரிடம் போய் இல்லை என்பது?

நிமி மேடம் போனதும் பந்தலில் கூட்டம். தனபால் மாமா சொன்னார்: "இங்க பாருங்க. நடந்தது நடந்துபோச்சு. இப்பப் போயி நாங்க ஏமாத்தினம்னு சொன்னா, கேஸப் போட்டாலும் போடுவாங்க. கிட்டும் போயிரும், கம்பெனியும் போயிரும். கம்முன்னு இருக்கறதுதான் நல்லது."

"ஒருத்தி வாயத் தொறந்தா அத்தன பேருத்துக்கும் போச்சு," என்றாள் நர்மதா அக்கா, அம்மாவைப் பார்த்து. அவளுக்கு அம்மாவின் முகம் நன்றாகப் படிக்க வரும்.

அம்மா எழுந்து, கத்தாமல் வீட்டுக்கு நடந்தாள். அது எனக்குப் புதிது.

மறுநாள் காலை அப்பா வயலுக்குப் போகப் புறப்பட்டபோது அம்மா கஞ்சி போட்ட புடவையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "தமிழு, சித்தூர் வரைக்கும் போயிட்டு வரலாம், வா," என்றாள். அப்பா அவளுக்கு நேராக வந்து நின்று, உதடு நன்றாகத் தெரியும்படி, "அவிய எல்லாரும் உன்னோட பேச மாட்டாங்க, பாத்துக்க," என்றார்.

"பேசுனாலும் எனக்குக் கேக்கறதில்லீங்களே," என்றாள் அம்மா. சிரிக்கவில்லை.

லேபர் ஆபீஸில் நிமி மேடம் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா மேசைக்கு முன்னால் போய் நின்று, தன்னால் முடிந்த அளவு மெதுவாகச் சொன்னாள்: "மேடம், எனக்குக் காது கேக்காதுங்க!"

ஆபீஸில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். ஃபைல் தைத்துக்கொண்டிருந்தவர் ஊசியை விரலில் குத்திக்கொண்டார்.

"சேச்சீ, மெல்ல. எனிக்குச் செவி கேக்கும்," என்றார் நிமி மேடம். கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். "சுப்பாத்தாள்... இதுல நார்மல்னு அல்லே இருக்கு."

அம்மா அவர் முகம் திரும்பி வரட்டும் என்று காத்திருந்தாள். நான் உதட்டைத் திறந்தேன். அவள் என் கையைக் கிள்ளினாள். வாயை மூடிக்கொண்டேன்.

நிமி மேடம் நிமிர்ந்து தமிழில், பெயர் சரிதானே என்றார், அம்மா ஆமாங்க என்றாள். "கேட்டா பதில் சொல்றீங்களே. பின்ன எப்படிச் செவி கேக்காது?"

"கொஞ்சம் அக்கட்டால திரும்பிட்டுப் பேசுங்க மேடம். என்ன வேணும்னாலும் பேசுங்க."

நிமி மேடம் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு நாற்காலியைச் சுற்றினார். முதுகைக் காட்டிக்கொண்டு, "சேச்சிக்கு எத்தனை குட்டிகள்?" என்றார். பிறகு, "இன்னைக்குக் காலையில என்ன சாப்பாடு?" பிறகு இன்னும் கொஞ்சம் உரக்க, "சேச்சியோட வீட்டுக்குத் தீ பிடிச்சு!" என்றார். திரும்பிப் பார்த்தபோது அம்மா சுவரில் இருந்த காலண்டரில் ஒரு யானையை ரசித்துக்கொண்டிருந்தாள்.

நிமி மேடம் பேனாவை வைத்தார். "பின்ன அந்த டெஸ்ட்?"

அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். பதிலி வேலையைப் பற்றியும் கருப்பட்டியைப் பற்றியும்கூடச் சொன்னாள். சொல்லும்போது மற்றவர்கள் பெயர் ஒன்றையும் எடுக்கவில்லை. "அந்தத் தம்பி மேல தப்பில்லீங்க. அவரு பொத்தான அமுக்குனாரு, நான் அவரு தோளப் பாத்து வெரலத் தூக்குனேன். வேலைக்குத்தான் டெஸ்டுன்னு நெனச்சுப்போட்டேன். மெஷின் தர்றதுக்குன்னு தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா நான் எதுக்குங்க தேறறேன்?"

பக்கத்து மேசைக்காரர் சிரித்துவிட்டார். நிமி மேடம் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். பிறகு அம்மாவுக்கு நேராக, ஒவ்வொரு வார்த்தையாக, அவருக்குத் தெரிந்த தமிழில் பேசினார்.

"சேச்சி, இதை நான் எழுதினா அந்தக் கேம்ப் முழுசும் கேன்சல் ஆகும். எல்லாரையும் திரும்ப விளிக்கணும். கேஸ் ஒண்ணும் வராது, அதுக்கு நான் பொறுப்பு. ஆனா கம்பெனி அதுவரைக்கும் காத்திருக்குமான்னு எனக்குத் தெரியாது. அவங்க உங்கமேல தேஷ்யப்படுவாங்க, கோவப்படுவாங்க."

"படட்டுங்க. லாரி வந்தா அவியளுந்தான் சாவாங்க."

நிமி மேடம் ஃபோனை எடுத்து ஆஸ்பத்திரிக்குப் பேசினார். அன்றே போகச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் அதே ஜோபி. விஷயம் அவருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அம்மாவைப் பார்த்ததும், "வாங்கக்கா நல்லெண்ணெய்," என்றார். கோபமா வேடிக்கையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இந்த முறை நாற்காலியைத் திருப்பிச் சுவரைப் பார்க்கப் போட்டார். "இப்ப எம் மூஞ்சி தெரியாதுல்ல? சரி. கேட்டா தூக்குங்க. கேக்கலேன்னா தூக்காதீங்க. அம்புட்டுத்தான்."

சுவரில் ஒரு மருந்து பீரோ இருந்தது, கண்ணாடிக் கதவு வைத்தது. அதில் ஜோபி தெரிந்தார். மேசை தெரிந்தது, பொத்தான் தெரிந்தது, அவருடைய தோள் தெரிந்தது. அதை நான் பார்த்தேன். நான் பார்ப்பதற்கு முன்பே அம்மா பார்த்திருப்பாள், அது நிச்சயம். நாற்காலியில் அசைந்து உட்கார்ந்தாள். இத்தனை வருஷப் பழக்கம், கண் தானாக அங்கேதான் போகும்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அது போதாது என்று புடவைத் தலைப்பை எடுத்துக் கண்ணுக்கு மேல் பிடித்துக்கொண்டாள்.

ஜோபி ஆரம்பித்தார். அறை அமைதியாக இருந்தது. அம்மாவின் விரல் மடியில் கிடந்தது. அவர் ஏதோ ஒரு திருகைத் திருப்பினார், மறுபடி அமுக்கினார். விரல் கிடந்தது. இன்னும் திருப்பினார். இன்னும். ஒரு கட்டத்தில் அந்தச் சத்தம் ஹெட்போனைத் தாண்டி வெளியே வந்து, கதவோரம் நின்ற எனக்குக் கேட்டது. கீ என்று, ஆஸ்பத்திரிக் கட்டிலை இழுப்பதைப் போல. எனக்குக் கேட்டது. அம்மாவுக்குக் கேட்கவில்லை. அவள் தலைப்பைப் பிடித்தபடி, யாரோ கூப்பிடப்போகிறார்கள் என்று காத்திருப்பவள் போல உட்கார்ந்திருந்தாள்.

போய் அவள் பக்கத்தில் நின்றுகொண்டேன். நின்றது அவளுக்குத் தெரியாது.

கடைசியில் விரல் ஒருமுறை எழுந்தது. கொஞ்சமாக, சந்தேகத்தோடு. ஜோபி உடனே எழுதினார். அவர் முகத்தில் விளையாட்டு இல்லை. ஹெட்போனை அவரே மெதுவாகக் கழற்றி, முன்னால் வந்து, குனிந்து, "ரெண்டு காதும் ரொம்பப் போயிருக்குக்கா. மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

"அப்பச் சொன்னா வேல போயிருமுங்க தம்பி," என்றாள் அம்மா. "இப்பச் சொல்லாட்டி வேல போயிரும்."

டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். மெஷினுக்கு அச்சு எடுக்க வேண்டும் என்று ஜோபி அம்மாவின் காதுக்குள் பசை மாதிரி ஏதோ விட்டார். அம்மாவுக்குக் கூச்சம் தாங்காமல் அவர் கையைத் தட்டிவிட்டாள், மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. மெஷின் வர மாதக்கணக்காகும் என்றார்கள். அரசாங்கம் வரும் என்றால் வரும், வழியில் டீ குடித்துவிட்டு வரும். ஆனால் டேபிள் வேலைக்கு இந்தச் சான்று இருந்தாலே போதும், கம்பெனிக்குத் தானே பேசுகிறேன் என்று நிமி மேடம் ஃபோனில் சொன்னார். அதை நான் அம்மாவுக்கு உதட்டால் சொன்னேன். அவள் என் வாயைப் பார்த்துவிட்டு, நிச்சயமா என்பதுபோல என் கண்ணையும் பார்த்தாள். இந்த ஒரு விஷயத்தில் நான் விளையாடவில்லை என்று தலையை ஆட்டினேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததும் அவள் ஃபோனை எடுத்து நர்மதா அக்காவுக்கு வீடியோ கால் போட்டாள். மில்காரிகள் சாதாரண கால் பேச மாட்டார்கள், பேசி என்ன ஆகப் போகிறது? இரண்டு பக்கமும் சத்தத்தை அணைத்துவிட்டு முகத்தைப் பார்த்துக்கொள்வார்கள். பக்கத்து சீட்டுக்காரர் எங்களை வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்.

நர்மதா அக்காவின் வாய் வேகமாக அசைந்தது. நான் எட்டிப் பார்த்துப் படித்தேன். "நாசமாப் போறவளே! போயிச் சொல்லிட்டயா? ஆபீசுல இருந்து ஃபோன் வந்து தனபால் இங்க ஆடறான். ஏண்டி, உனக்கு வேணும்னா நீ செவிடுன்னு தண்டோராப் போடு. எங்களை எதுக்கு இழுத்து உட்ட?"

"உன்ற பேர நான் எடுக்கல," என்றாள் அம்மா, உதட்டால்.

"பேர எடுத்தா என்ன, எடுக்காட்டி என்ன? ஆபீசுக்காரி எல்லாத்தையும் கூப்பிடுவாளாமில்ல? என்ற மவனுக்குத் தெரிஞ்சா மானம் போகும். அவனுக்கு இன்னுந் தெரியாது, எனக்குக் கேக்கறதில்லைன்னு."

"உன்ற மவன் பேசறதக் கேட்டு எத்தன நாளாச்சு?"

திரையில் நர்மதா அக்காவின் முகம் நகர்ந்து, கொஞ்ச நேரம் அவர்கள் வீட்டு விட்டம் மட்டும் தெரிந்தது. அம்மா ஃபோனை வைக்கவில்லை. பஸ் தத்தமங்கலத்தைத் தாண்டியது. பக்கத்து சீட்டுக்காரர் என்னிடம், "சிக்னல் போயிருச்சா பாப்பா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

விட்டம் போய் முகம் திரும்பி வந்தது. கண்ணைத் துடைத்திருந்தாள், ஆனால் திட்டுகிற முகத்தை விடவில்லை.

"ரெண்டாவது டெஸ்டு எப்பவாம்?"

"சொல்லி அனுப்புவாங்களாம்."

"வெறும் வயித்துல வரோணுமா?"

"சாப்ட்டுட்டே வா," என்றாள் அம்மா. "கண்ண மூடிக்கிட்டா போதும். ரொம்பக் கஷ்டமா இருக்கும். நான் பக்கத்துல இருக்கறேன்."